அஞ்சு நட்சத்திரத்துக்கு ஒரு பித்தான்

இந்த உலகத்தில் நட்சத்திரம் கேட்காத இடம் ஒன்று சொல்லுங்கள். முடிவெட்டினால் நட்சத்திரம். பல் பிடுங்கினால் நட்சத்திரம். பொதுக் கழிப்பறைச் சுவரில்கூட அஞ்சைத் தொங்கவிட்டு, "எப்படி இருந்தது?" என்று விசாரிக்கிறார்கள். நான் வாஷிங் மெஷின், ஃபேன், மிக்ஸி ரிப்பேர் செய்பவன். "அஞ்சு போட்டுடுங்க மேடம்" என்று கெஞ்சுவதும் இப்போது என் தொழிலில் சேர்த்தி.

அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனிக் கணக்கில் என் நட்சத்திரச் சராசரி நாலைத் தொடவேண்டும். மூன்று புள்ளி தொண்ணூற்றொன்பதில் நின்றது. தொடாவிட்டால் வேறு ஊருக்கு மாற்றல். வாரத்தில் ஒருநாள்தான் வீடு. ஒரே ஒரு அஞ்சு விழுந்தால் தப்பித்தேன்.

மூளை பளிச்சென்றது. மனைவி பெயரில் என் வீட்டிலிருந்தே ஒரு புகார் பதிவு செய்து, அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பொய்ப் புகார் இல்லை. எங்கள் மெஷின் ஓடி ஏழு மாதமாகிறது. "இந்த ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்று வாராவாரம் சொல்லியிருக்கிறேன். அன்றும் பார்க்கிற உத்தேசம் இல்லை. 'வேலை முடிந்தது' என்று என் போனில் அமுக்கினேன். அவள் போன் கிணுகிணுத்தது.

அவள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போனைக் கொஞ்சம் கொடு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

கையைத் துடைத்துக்கொண்டு அவளே படித்தாள். "மெஷின் சரியாயிடுச்சான்னு கேக்குதே?"

"ஆமான்னு அமுக்கி அஞ்சு நட்சத்திரம் போடு."

"சரியாகலையே."

"என்னை ஊர் மாத்திடுவாங்கடி!"

அவள் முகம் வாடியது. அப்பாடா, இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் போய் வாசற்கதவைத் திறந்தாள்.

"சர்வீஸ்காரர்தானே? செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க சார். மெஷின் அந்த மூலையில இருக்கு."

"என்ன, விளையாடறியா?"

"ஏழு மாசமா யாருங்க விளையாடினது?" என்று கையை நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் சோப்பு அரித்து வெடித்திருந்தது. தினமும் அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டி, கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். பையைப் பிரித்தேன். தண்ணீர் வெளியேறும் பம்பில் ஒரு சட்டைப் பித்தான் சிக்கியிருந்தது. பத்து நிமிஷ வேலை.

"பித்தான் யாரோடது சார்?"

"உங்க வீட்டுக்காரரோடது மேடம்."

"பொறுப்பில்லாத மனுஷன் சார் அவர்."

"தெரியுதுங்க."

மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. அஞ்சு விழுந்தது. நாலைத் தொட்டேன். கீழே எழுதவும் எழுதியிருந்தாள்: "எங்க வீட்டுக்கு இனிமே இவர்தான் வேணும். வேற யாரையும் அனுப்பாதீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடுதான் கம்பெனியின் அடுத்த செய்தியைப் படித்தேன்: "வாழ்த்துகள்! அதே வாடிக்கையாளர் மேலும் ஆறு புகார்கள் பதிவு செய்துள்ளார். முதல் வேலை ஃபேன், ஞாயிறு காலை ஏழு மணி."