கன்னிவாடி மாணிக்கத்தோடு சமாதானம் இல்லை

கொடைக்கானல் மலையில் வெந்நீரைச் சட்டப்படி காய்ச்சிய ஒரே மனிதர் வைஸ் அண்ணன்தான். மற்றவர்கள் விறகை வைத்துக் காய்ச்சினார்கள். இவர் விதி எண் பதினொன்றை வைத்துக் காய்ச்சினார்.

தோட்டக்கலை ஆபீஸில் கிளார்க்காக என்னை மலைக்குத் தூக்கி அடித்த வருஷம், நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு பழைய கல் பங்களாவில் எனக்கு அறை கிடைத்தது. ஐந்து அறைகள், ஐந்து பிரம்மச்சாரிகள், ஒரு வெந்நீர் அண்டா. எல்லாவற்றையும் நிர்வகித்தவர் வைஸ் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். போன முதல் நாளே நான் மரியாதையாக, "அண்ணே, நீங்கதான் ஓனரா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஓனரு கோயமுத்தூர்ல இருக்காரு தம்பி. அவரு சான்சலர். சான்சலர்னா பெரிய எடத்து ஆளு, ஊர்ப்பக்கமே தல காட்ட மாட்டாரு. எல்லாச் சோலியையும் இழுத்துப் போட்டுச் செய்யிறவரு வைஸ் சான்சலர். அது நானு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் வெளியே நல்ல மழை, உள்ளே அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பங்களாவில் முன்பு குடியிருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர், ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கொடைக்கானல் ஈரம் தின்றது போக மிஞ்சியது ஒன்றே ஒன்று. அட்டை இல்லாத தடிப் புத்தகம். இங்கிலாந்தில் உள்ள மிகப் பழைய பல்கலைக்கழகம் ஒன்று, ராஜாக்கள் காலத்தில் தன்னை எப்படி நிர்வாகம் செய்துகொண்டது என்கிற வரலாறு. வைஸ் அண்ணன் பூம்பாறைப் பக்கம் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, இந்தப் பங்களாவுக்குக் காவல்காரராக வந்தவர். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை டீக்கு அப்புறம் தினம் ஒரு பக்கம் என்று படித்தார். முடித்ததும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு சமையல் புத்தகம் மிஞ்சியிருந்தால் எங்களுக்கு நல்ல குழம்பாவது கிடைத்திருக்கும். எங்கள் நேரம், மிஞ்சியது சட்டப் புத்தகம்.

அங்கே கல்லூரித் தலைவர்கள் எல்லாரும் திங்கட்கிழமைதோறும் கூடிப் பேச வேண்டும் என்று ராஜா உத்தரவாம். ஆகவே எங்களுக்கும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்டம். அங்கே பெரியவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வருவார்களாம். ஆகவே வைஸ் அண்ணன் தன்னுடைய கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தலைமை தாங்குவார். அங்கே மாணவர்கள் முடியை நீளமாக வளர்க்கக் கூடாதாம். இங்கே நாலாம் அறையில் இருந்த செபாஸ்டியனுக்குத் தோள் வரைக்கும் சுருட்டை முடி. ஏரிக்கரை சாக்லேட் கடையில் விற்பனை வேலை.

"அண்ணே, இந்த ஹேர்ஸ்டைலுக்குத்தான்ணே டூரிஸ்ட்டு கடைக்குள்ளயே வர்றாங்க. வெட்டுனா பிசினஸ் டல்லாயிரும்ணே."

"ஏலே, அங்க பிரபு வீட்டுப் புள்ளைக்கே முடிய வெட்டிட்டாக. நீ யாருலே?"

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து செபாஸ்டியன் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தான். குல்லாவுக்குக் கீழே முடி தொங்கும். வைஸ் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். சட்டமும் பிழைத்தது, செபாஸ்டியன் பிழைப்பும் பிழைத்தது.

எல்லாவற்றிலும் உருப்படியானது பிராக்டர் ஏற்பாடு. பிராக்டர் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒழுங்கு பார்க்கிற அதிகாரி. அந்தப் பதவிக்குத் தேர்தல் வைத்தால் படித்த பெரிய மனிதர்களே அடிதடியில் இறங்கிவிடுவார்களாம். பொறுக்கமாட்டாமல் ராஜா, இந்த வருஷம் இந்தக் கல்லூரி, வரும் வருஷம் அந்தக் கல்லூரி என்று முறை போட்டுக் கொடுத்துவிட்டாராம். எங்கள் பங்களாவிலும் ஒரு காலத்தில் முதல் வாளி வெந்நீர் யாருக்கு என்று மண்டை உடைந்திருக்கிறது. வைஸ் அண்ணன் அதே மாதிரி முறை போட்டார். எந்த அறைக்கு முறையோ அந்த அறைக்காரன்தான் அந்த வருஷம் பிராக்டர். வெந்நீர் வரிசை அவன் கையில். விடுதிப் பதிவேட்டைப் பார்க்கிற உரிமையும் அவசரக் கூட்டம் கூட்டுகிற உரிமையும் அவனுக்கு உண்டு. நான் இருந்த வரைக்கும் வெந்நீருக்காக ஒரு வாய்ச்சண்டை கூட நடந்ததில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று மூன்று மாதம் சண்டை நடந்தது, அதனால் சொல்கிறேன்.

ஆனால் புதிதாகச் சேருகிறவனைக் கலங்கடிப்பது சத்தியப் பிரமாணம். பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். விடுதிச் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவேன். கன்னிவாடி மாணிக்கத்தோடு எந்தக் காலத்திலும் சமாதானமாகப் போக மாட்டேன்.

"அண்ணே, அந்த மாணிக்கம் யாருண்ணே?"

"கையெழுத்தப் போடு தம்பி."

போட்டேன். பிறகுதான் தெரிந்தது, மற்ற நால்வருக்கும் அந்த ஆள் யாரென்று தெரியாது. அண்டாவைத் திருடிக்கொண்டு ஓடியவன் என்றான் ஒருவன். பங்களாவுக்குத் தீ வைக்கப் பார்த்தவன் என்றான் செபாஸ்டியன். கன்னிவாடியிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு மனுக் கொடுக்க யாராவது வந்தால், பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நான் நாற்காலியையே காட்டுவேன்.

ஒருநாள் துணிந்து வைஸ் அண்ணனிடமே கேட்டேன். அவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குகிறவர்கள் எல்லாரும், யாரோ ஒரு ஊர்க்காரனோடு சமாதானமாகப் போக மாட்டேன் என்று பல நூறு வருஷமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்களாம். அவன் யார், என்ன தப்புச் செய்தான் என்பது எல்லாருக்கும் மறந்தே போய்விட்டது. சட்டத்தையெல்லாம் திருத்தி எழுதியபோதும் அதை மட்டும் எடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை, எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டதற்குக் கூடாது என்றுவிட்டார்களாம்.

"பாத்தியா? ஆளு மண்ணோட மண்ணாப் போயிட்டான். பேரு மட்டும் நிக்கிது" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

என் அறைக்குப் பிராக்டர் முறை வந்த வருஷம், ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தின் நடுவில் கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் மஞ்சப்பை, மேலெல்லாம் சாரல். பாவமாக இருந்ததால் செபாஸ்டியன் ஓடிப்போய் டீ கொடுத்தான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கன்னிவாடியில இருந்து வாரேங்க. பேரு மாணிக்கம்" என்றார்.

நாங்கள் நால்வர் எழுந்து நின்றுவிட்டோம். செபாஸ்டியன் மட்டும், கொடுத்த டம்ளரைத் திரும்ப வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தான். தீ வைக்கிற முகமாகவே இல்லை அது. வைஸ் அண்ணன் மழைக்கோட்டின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"தம்பி, வந்தவருக்கு இங்க என்ன சோலின்னு கேளு" என்றார் என்னிடம்.

"மகளுக்கு வியாழக்கெழம கல்யாணம்னு சொல்லுங்க தம்பி" என்றார் மாணிக்கம், அவரும் என்னிடம்.

"இருபத்தஞ்சு வருசமா இல்லாத ஒறவு இப்ப எங்கருந்து வந்துச்சுன்னு கேளு."

"எனக்குக் கூடப் பொறந்தவக யாரும் இல்லன்னு அவருக்கே தெரியும்ல. மேடையில எம்பக்கம் நிக்க ஒரு ஆளு வேணும். அவரு வந்து நிக்கணும், அம்புட்டுத்தான் சொல்லுங்க."

"ஒம்பது வருசம் ஒரே ரூம்புல கெடந்துட்டு, ஒரு வார்த்த சொல்லாம வெள்ளனே மொத பஸ்ஸப் புடிச்சி ஓடுனது யாருன்னு கேளு!"

கேட்க வாயெடுத்தேன். மாணிக்கம் என்னை ஒதுக்கிவிட்டு நேராக அந்த முதுகைப் பார்த்துப் பேசினார்.

"சொன்னா நீ அழுதுருவ வைஸு. நீ அழுதா ஊருல எனக்குப் பேசிவச்ச கல்யாணமே வேணாம்னு இருந்துருவேன். அதான் சொல்லாமப் போனேன்."

அண்டா திருட்டு, தீ வைப்பு, எல்லாம் புஸ்ஸென்று போனது. இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ பேர் சத்தியம் செய்து பகைத்துக்கொண்ட மனிதர் செய்த குற்றம், சொல்லாமல் பஸ் ஏறியது. வைஸ் அண்ணனின் மழைக்கோட்டு முதுகு லேசாக ஆடியது. ஆனாலும் குரலைக் கனைத்துக்கொண்டு சட்டம் சொன்னார். ஒரு விதியை நீக்க வேண்டுமானால் மூன்று திங்கட்கிழமை, மூன்று கூட்டம். அதுவரைக்கும் சத்தியம் சத்தியம்தான். மூன்றாவது திங்கட்கிழமை வரும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போய்த் திரும்பியிருப்பார்கள். மாணிக்கம் பத்திரிகையை மேசைமேல் வைத்தார், மீதி டீயையும் குடித்தார், பதினோரு மணி திண்டுக்கல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்டா சில்லென்று கிடந்தது. வைஸ் அண்ணன் எழுந்திருக்கவில்லை, டீ போடவில்லை, புத்தகத்தில் அன்றைய பக்கத்தைப் படிக்கவில்லை. கொடைக்கானலில் பச்சைத் தண்ணீரில் குளித்தவனுக்குத்தான் அந்தத் துக்கம் புரியும். எனக்கு அவர் மேல் பயங்கரக் கோபம். யாரோ வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டத்துக்காக இந்த மனுஷன் தன் சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்தை விடுவதா? சட்டத்தைச் சட்டத்தாலேயே மடக்குவோம் என்று பிராக்டர் உரிமையில் பதிவேட்டை எடுத்தேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தேன். கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புதன்கிழமை விடிந்ததும் அவசரக் கூட்டம் கூட்டினேன். வைஸ் அண்ணனைப் போர்வையோடு கொண்டுவந்து உட்கார வைத்தோம்.

"அண்ணே, சத்தியம் பண்ணுனவனத்தான் அந்தச் சத்தியம் கட்டும். சரியா?"

"சரிதான்."

"முதல் பக்கத்தில ஒண்ணாம் நம்பர் கோடு காலியா கெடக்கு. ரெண்டாம் நம்பர்லேர்ந்துதான் கையெழுத்து. அத்தன பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டு, நீங்க பண்ணவே இல்லையேண்ணே!"

அவர் பதிவேட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "அன்னிக்கு அம்புட்டுக் கோவத்துல எழுதுனேன். மொதக் கையெழுத்து நாந்தான் போடணும்னு பேனாவ எடுத்தேன். கை போகல தம்பி."

"அப்புறம் எதுக்குண்ணே எங்க எல்லாரையும் பண்ணச் சொன்னீங்க?"

போர்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இல்லாட்டி இந்த மலையில அவன் பேர யாருலே சொல்லப்போறா? புதுசா ஒருத்தன் வாரப்பவாச்சும் இந்த வீட்டுல மாணிக்கம்னு ஒரு சத்தம் கேக்கட்டுமேன்னுதான்."

செபாஸ்டியன்தான் முதலில் சுதாரித்து, "வெரசா கெளம்புங்கண்ணே, பஸ்ஸு போயிரும்" என்று கத்தினான். ஒருவன் வேட்டிக்கு இஸ்திரி போட்டான். ஒருவன் அண்டாவைப் பற்றவைத்தான். முதல் வாளி வெந்நீரைப் பிராக்டர் என்கிற முறையில் நான் அவருக்கே ஒதுக்கினேன். கல்யாண வீட்டுக்குக் கறுப்பு ஆகாது என்று மழைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையில் கிளம்பினார். நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போனோம். நாங்கள் சத்தியம் செய்தவர்கள், கல்யாணத்துக்குப் போக முடியாது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். கை நிறைய லட்டு. எடுக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் விழித்தோம்.

"தின்னுங்கலே. லட்டப் பத்திச் சட்டத்துல ஒண்ணுமில்ல" என்றார்.

மூன்று திங்கட்கிழமைகளும் முறைப்படி கழிந்த பிறகு அந்த விதி நீங்கியது. அதற்குள் மாணிக்கம் இரண்டு முறை வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார். அப்போதெல்லாம் நாங்கள் ஐந்து பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டே அவரோடு பேசினோம்.

அடுத்த வருஷம் எனக்கு மதுரைக்கு மாறுதல் வந்தது. நான் ஒன்றும் மாணிக்கம் இல்லை. பத்து நாள் முன்னாலேயே எழுத்து மூலம் விடை கேட்டேன். "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். கிளம்புகிற நேரத்தில் மட்டும் அண்டாவுக்கு அடியில் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். புகை அதிகமாக இருக்கிறது என்று சொல்லி என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். பையன் குரல், ஏகப்பட்ட தயக்கம்.

"சார், நீங்க வைஸ் அண்ணன் பங்களாவுல மூணாம் நம்பர் ரூம்ல இருந்தவங்களா? செபாஸ்டியன் அண்ணன்தான் நம்பர் குடுத்தாரு. உங்ககூடப் பேசலாமான்னே தெரியல சார். நேத்துத்தான் ரூம்ல ஜாயின் பண்ணேன். உங்க பேரச் சொல்லி, உங்ககூட எந்தக் காலத்துலயும் சமாதானமாப் போக மாட்டேன்னு சத்தியம் வாங்குனாரு. அப்படி என்ன சார் தப்புப் பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. மாறுதலாகிப் போனேன்" என்றேன். மூக்கை உறிஞ்சுவது கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பையன் பாவம், நான் ரொம்பக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.