காலுறையோடு ஆறடி ஐந்தரை அங்குலம்

திங்கட்கிழமை, காலையிலிருந்து மழை

மரியாதைக்குரிய அண்ணன் டுவேன் ஸ்டொடோலா அவர்களுக்கு, தம்பி வெர்லின் எழுதுவது.

நீயும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கார்லாவின் முதுகுவலி தேவலை. இந்த ஏப்ரலில் இன்னும் நிலவறைக்குள் தண்ணீர் ஏறவில்லை. நம் பெண் டெல்லா வளர்வதை நிறுத்திவிட்டாள் என்று டாக்டர் சொல்கிறார். ஃபோனில் சொல்லக்கூடியதை எதற்கு மெனக்கெட்டுக் கடிதமாக எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். ஃபோனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். உன் காபிக் கூட்டாளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. போன தடவை ஒருவர் தும்மினார். அண்ணி தும்மினாள் என்றாய். அண்ணியை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், அவ்வளவு கனத்த தும்மல் அவளிடம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் இருபத்தாறு வருடமாகக் குழாய் ரிப்பேர் பார்க்கிறேன். டெல்லா பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் சேர்ந்து, சிவப்புச் சட்டைக் கல்லூரியும் மஞ்சள் சட்டைக் கல்லூரியும் எங்கள் அணிக்கு வா என்று அவளைக் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து ஊரில் பாதிப்பேர் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. போய்ப் பார்த்தால் ஒழுகவில்லை. அக்டோபரில் லோவல் குபிக் கூப்பிட்டார், சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அவசரம் என்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் மேஜையைச் சுற்றி நாலு பேர், நாலு பேரும் சிவப்புச் சட்டை, நடுவில் ஒரு தட்டு நிறையப் பழ பன். குழாயைத் திறந்து மூடினேன். ஒரு சொட்டு இல்லை. "இப்ப நின்னுடுச்சு போல, நீ வந்ததும் பயந்துடுச்சு. உக்காரு வெர்லின், காபி குடி" என்றார் லோவல். அப்புறம் கேட்டார், "நம்ம டெல்லா சரியா எவ்வளவு ஒசரம்?" நான் களைத்துப் போயிருந்தேன், வாயைக் கட்டத் தெரியவில்லை. "காலுறையோட ஆறடி அஞ்சரை" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை ரசிகர்களின் இணையப் பக்கத்தில் அதற்குக் கீழே முந்நூற்றுப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். காலுறை கம்பளியா பருத்தியா என்று ஒருவர். குழாய்க்காரன் அளவை நம்பலாம், அவன் கால் அங்குலத்துக்குச் சண்டை போடுகிறவன் என்று இன்னொருவர். அது ஒன்றுதான் அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி வந்த நல்ல வார்த்தை.

அப்புறம் நவம்பர். வான்கோழி விருந்து முடிந்து நீயும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோமே, ஞாபகமிருக்கும். பெண்களெல்லாம் முன்னறையில். சிவப்புக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயே, எப்படி இருந்தது என்று டெல்லாவைக் கேட்டதற்கு, எல்லாம் நன்றாக இருந்தது, மசித்த உருளைக்கிழங்கு மட்டும் சுவர்ப் பூச்சு மாதிரி இருந்தது என்றாள் என்று உன்னிடம் சொன்னேன். சிரித்தாய். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தில், குடும்பத்துக்கு மிக நெருக்கமான ஒருவர் சொன்னதாக, உருளைக்கிழங்கு விவகாரத்தால் சிவப்புக் கல்லூரி பின்னடைவு என்று வந்தது. அதற்கடுத்த நாள் சிவப்புக் கல்லூரியின் துணைக் கோச் எனக்கு ஃபோன் செய்து, சாப்பாட்டுக் கூடத்தில் பேசியாகிவிட்டது, இனிமேல் வெண்ணெய் சேர்ப்பார்கள் என்றார். நன்றி என்றேன். அண்ணா, அன்றைக்குச் சமையலறையில் மூன்று பேர்தான் இருந்தோம். நீ, நான், நாய். நாயிடம் நான் விசாரிக்கவில்லை.

அப்போதே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உனக்கு வயசு அறுபத்தெட்டு, ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், உன் பேச்சை ஊர் உட்கார்ந்து கேட்பது இப்போதுதான் முதல் தடவை என்று கார்லா சொன்னாள். "பாவம், இருந்துட்டுப் போறார் விடுங்க" என்றாள். விட்டேன். ஜனவரியில் என் பழைய வண்டி அடியில் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு வண்டி கிடைத்தது, இஞ்சின் நன்றாக இருந்தது, நிறம் சிவப்பு. நிறத்தை நான் கவனிக்கக்கூட இல்லை. அடுத்த வாரம் மஞ்சள்காரர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் குளிரில் குழாய் உறைந்து வெடித்த வீட்டுக்காரர்கூட நாற்பது மைல் தள்ளியிருந்து வேறு ஆளை வரவழைத்தார். "ஒரு வண்டி வாங்குனதுக்கா?" என்று கேட்டேன் அவரை, மளிகைக் கடையில் வைத்து. "உங்க அண்ணனே சொல்றாரே வெர்லின், சும்மாவா சிவப்பு வாங்குவான்னு" என்றார்.

மஞ்சள் பக்கத்தில் எனக்கு மிஞ்சியது ஆர்டித் விளாசெக் ஒருத்திதான், சர்ச்சில் பியானோ வாசிப்பவள். பிப்ரவரியில் டாய்லெட் அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டாள். இதுவும் பொய்யாக இருக்கும் என்றுதான் போனேன். நிஜமாகவே அடைத்திருந்தது. முக்கால் மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்து வெளியே எடுத்தால் முழுசாக ஒரு பெரிய உருளைக்கிழங்கு. "இது எப்படி உள்ள போச்சு ஆர்டித்?" என்றேன். "நான்தான் போட்டேன். சர்ச்சுல வாசிக்கிறவ, பொய் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு மனசு வரல" என்றாள். பிறகு நான் கை கழுவும்வரை காத்திருந்து, கேட்டாள்: "எங்க பக்கம் வருவாளா? ஒத்தை வார்த்தை சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." எனக்கே தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது அண்ணா. என் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊருக்கு எழுதுகிறவன் நீ. நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறவன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மார்ச்சில் நடந்ததுதான் சிரிக்க முடியாதது. மாநிலப் போட்டியின் அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் டெல்லா இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டு, ஒரு புள்ளியில் தோற்றார்களே, நீயும் அரங்கில் இருந்தாய். மறுநாள் அந்தப் பக்கத்தில் என்ன எழுதினார்கள் என்று உனக்கே தெரியும். ஏணிக்குக் கால் முளைத்து ஓடுகிற மாதிரி ஓடுகிறாள் என்று எழுதியவனுக்கு அறுபது பேர் கை தட்டியிருந்தார்கள். அந்த மாதிரி நீ எழுதவில்லை என்பதையும் பார்த்தேன். ஆனால் அவளுக்கு இடது முட்டியில் போன மாதத்திலிருந்து வலி என்று எழுதியது நீ. அவளைக் காப்பாற்றத்தான் எழுதினாய், தெரியும். அதற்கப்புறம் முட்டியைப் பற்றி மூன்று நாள் பேசினார்கள். பதினேழு வயசுப் பெண்ணின் முட்டியை, குதிரைச் சந்தையில் பேசுகிற மாதிரி.

மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு கிண்ணம் பீன்ஸ் சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும் வைத்தேன். அது அவள் ஒரு நாளும் மிச்சம் வைக்காத சாப்பாடு. தொடவில்லை. "அப்பா, நான் ஒரு அரையடி கம்மியா இருந்திருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும்ல?" என்றாள். அந்த இடத்தில் ஒரு தகப்பன் ஏதாவது சொல்ல வேண்டும். "கட்டில் சின்னதா வாங்கியிருக்கலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ரோலில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். கார்லா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "உங்ககிட்ட ஒரு பொண்ணு பேச வந்தா குழாயப் பாக்குற மாதிரியே பாக்குறீங்க" என்றாள். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

மறுவாரம் டெல்லா தானே இரண்டு கல்லூரிக் கோச்சுகளுக்கும் ஃபோன் செய்து, வரவில்லை, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டாள். எங்களுக்குச் சொன்னது அதற்கப்புறம். வேறு மாநிலத்தில் ஒரு பச்சைச் சட்டைக் கல்லூரி, அதன் கோச் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாளே, அங்கேதான். ஏன் அவ்வளவு தூரம் என்றேன். "அந்த ஊர்ல யாரும் உன்னைக் குழாய் பாக்கக் கூப்பிட மாட்டாங்கப்பா" என்றாள். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி நூலகத்தில், அந்த அணியில் சேருவதாகக் கையெழுத்து. மேஜையில் ஒவ்வொரு கல்லூரியின் தொப்பியையும் அடுக்கி வைத்து ஒன்றை எடுத்துப் போடுகிற நாடகம் கிடையாது. எந்தக் கல்லூரி என்று உனக்குச் சொல்லக் கூடாது என்ற முடிவோடுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது திரும்பிப் படித்தால் பச்சை என்றும் வேறு மாநிலம் என்றும் நானே எழுதியிருக்கிறேன். கிழித்துவிட்டுத் திரும்ப எழுதத் தெம்பில்லை. அந்த இரண்டு வரியைப் படிக்காதே.

முடிவாகச் சொல்கிறேன், கோபத்தில் சொல்வதல்ல, கோபப்படவும் சக்தி வேண்டும். டெல்லா கல்லூரிக்குக் கிளம்பிப் போகும்வரை நீ இந்த வீட்டுக்கு வராதே. ஃபோன் செய்யாதே. பிறந்தநாள் வாழ்த்தைத் தபாலில் அனுப்பு. கூடைப்பந்து என்ற சொல்லை என்னிடம் இனிமேல் எடுக்காதே. கோழி, மழை, சோளம், யாருக்கு என்ன ஆபரேஷன் என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். அதற்கு மேல் கேட்காதே.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். உன் இரத்தக் கொதிப்பு மாத்திரையை நேரத்துக்குப் போடு. கடவுள் உன்னையும் உன் வாயையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
வெர்லின் ஸ்டொடோலா

பின்குறிப்பு: உறையில் தபால் தலை ஒட்டும்போது டெல்லாவுக்கு ஃபோன் வந்தது. பச்சைக் கல்லூரிக் கோச். அவளை மேற்கே ஒரு பெரிய கல்லூரி அழைத்துக்கொண்டதாம், நாளைக்கே கிளம்புகிறாளாம். பாதிப் பேச்சில் அவளுக்குக் குரல் உடைந்தது. டெல்லா நின்றபடி கேட்டுவிட்டு, "பரவால்ல மேடம், நீங்க நல்லாருங்க" என்று வைத்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பெரியப்பாவை வரச் சொல்லுப்பா. எந்தக் கோச் எங்க போறாங்க, யாரு நல்லவங்க, யாரு வெறும் வாய்ப்பேச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். முட்டியப் பத்தி அவர் எழுதுனதுக்கு நானே நேர்ல சண்டை போட்டுக்குறேன்" என்றாள். புதன்கிழமைக் கையெழுத்து இல்லை. மேலே எழுதியதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள். கடிதம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும், அதனால் இதைத் தபாலில் போடாமல் கார்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அவளோடேயே புறப்பட்டு வந்துவிடு. டெல்லா மேஜையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், முழங்கால் மேஜைக்கு இடிக்கிறது. நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இந்தத் தடவை ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வா, அண்ணா.