மாமிக்கு முனைவாக்கம் விளங்கப்படுத்திய பகல்

“என்ன படிக்கிறீங்க?” என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டால், அது பெரும்பாலும் கேள்வியே இல்லை. சோறு வருமட்டும் வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று கேட்பது. இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வதுதான் முறை. இந்தச் சின்ன விஷயம் தெரியாமலேயே நான் பௌதிகவியலில் முதல் வகுப்பு எடுத்திருந்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில், கல்முனையில் இருந்தோம். (கட்டித் தந்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். கூரைக்குத் தகரத்தைப் போட்டுவிட்டு, தாங்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.) வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வாப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: “நிக்காஹ் முடியாம பிளேன் ஏற ஏலா.”

வாப்பா பேசிவைத்திருந்த மாப்பிள்ளைக்குச் சம்மதம். கலியாணம் முடிந்த கையோடு மருமகளைக் கடல் கடந்து அனுப்ப அவருடைய உம்மாவும் சம்மதிக்க வேண்டும். அதற்காகத்தான் மாமி தன் மகளையும் சொந்தக்காரப் பெண்கள் நால்வரையும் கூட்டிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் வேண்டாம் என்றால் கலியாணமும் இல்லை, படிப்பும் இல்லை.

உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, “எதக் கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லு. படிப்பப் பத்திக் கதைக்காத” என்றார்.

ஓம் என்றேன்.

ஆறு பேரும் பாயில் வட்டமாக இருந்து, நடுவில் வைத்த சஹன் தட்டில் நெய்ச்சோற்றைக் குழைக்கத் தொடங்கினார்கள். “என்ன மகள், வெளிநாட்டுக்குப் போய் என்னத்தப் படிக்கப் போறீங்க?” என்று கேட்டார் மாமி.

“ஓம்” என்றேன்.

“ஓம் எண்டா?”

அதோடு என் புத்தி கெட்டது. “மாமி, ஃபெரோஎலெக்ட்ரிக் எண்டு ஒரு பொருள் இரிக்கி. அதுல கண்ணுக்கே தெரியாத நனோத் துண்டு ஒண்ட எடுத்தா, உள்ளுக்குள்ள இரிக்கிற ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு முகமும் முதுகும் இரிக்கி. முகம் பிளஸ், முதுகு மைனஸ். எல்லாம் எந்தப் பக்கம் பாக்குது எண்டதுதான் முனைவாக்கம்.”

“முகமெல்லாம் இரிக்கா?” என்றார் மாமியின் மகள், மச்சி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முதல் வகுப்பு விடவில்லை.

“நீங்க ஆறு பேரும்தான் அந்தத் துண்டு எண்டு வெய்ங்க. எல்லாரும் வாசலப் பாருங்க.” மரியாதையான ஆட்கள், கையில் சோற்றோடு வாசலைப் பார்த்தார்கள். “இப்ப முகமெல்லாம் ஓரத்துல போய் முட்டுது. அந்த மேற்பரப்புல உலோகம் பூசியிருந்தா, இல்லாட்டி காத்துல உள்ள ஈரமாவது ஒட்டியிருந்தா, அது மைனஸக் குடுத்துச் சமாளிக்கும். நீங்க இப்பிடியே இரிக்கலாம். ஒண்டும் இல்லாட்டி? எல்லாரும் திரும்பிச் சஹனப் பாத்து, அப்பிடியே வலப்பக்கம் கிறுகி, முன்னால இரிக்கிறவங்கட பிடரியப் பாருங்க!”

கிறுகினார்கள். நேர்சரிப் பிள்ளைகள் ரயில் விட்டது போல, ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆறு பெண்கள் சஹனைச் சுற்றி இருந்தார்கள். சோறு ஒருவருக்கும் எட்டவில்லை. “இப்ப ஒரு முகமும் ஓரத்துல முட்டல்ல, பாத்தீங்களா?” என்றேன், பெருமையோடு.

“முட்டிக்கால் நோகுது புள்ள” என்றார் மாமி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தகரத்துச் சூடு அப்படியே தலையில் இறங்கியது. ஒருவர் முந்தானையால் விசிறினார், ஒருவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார், மச்சி எழுந்து நின்றார், மாமி “யா அல்லாஹ்” என்று சுவரில் சாய்ந்தார். கொஞ்சமாவது மூளை உள்ளவர்கள் அப்போது ஓலை விசிறி தேடி ஓடியிருப்பார்கள். நான் கைதட்டினேன்.

“இதேதான் மாமி! சூடு கூடினா திசையெல்லாம் குழம்பிடும். முனைவாக்கமே இல்லாமப் போயிடும். என்ன வடிவாச் செய்றீங்க!”

குசினி வாசலில் உம்மா, சோற்றுக்குப் பிறகு இனிப்பாகக் கொடுக்க வைத்திருந்த வட்டிலப்பத் தட்டோடு நின்றார். அந்த முகத்தை விவரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை. “யோசிச்சுச் சொல்றம்” என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு மாமி வேனில் ஏறினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாப்பா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான் அறைக்குள் போய் அழுதேன். பாதி மாப்பிள்ளைக்காக, பாதி ஆய்வுகூடத்துக்காக. (எது பெரிய பாதி என்று கேட்காதீர்கள்.)

மஃரிபு தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் போன் அடித்தது. மாமியின் குரல் அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது.

“நிக்காஹ்வ இந்த மாசமே வெய்ங்க. முடிஞ்ச கையோட புள்ளயப் படிக்க அனுப்பிடுங்க. அங்க அவட கதையக் கேக்க ஆக்கள் இரிப்பாங்க. இஞ்ச வெச்சிக்கிட்டு எங்களுக்கு ஏலா.”

போனேன். படித்தேன். திரும்பியும் வந்தேன். இன்றைக்கும் விருந்து வீடுகளில் மாமி என் தோளைப் பிடித்துப் பெருமையாகத்தான் அறிமுகப்படுத்துவார்: “எங்கட மருமகள், கலாநிதிப் பட்டம் எடுத்தவ. சோறு திண்டு முடியுமட்டும் அவட்ட ஒண்டும் கேட்டிராதீங்க.”