சென்னப்பன் மிதக்கவிட்ட சைபீரியா வாத்துகள்

அதிகாரியின் வண்டி கடத்தூரைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தபோது, ஏரியில் பறவைகள் எல்லாம் எதிர்க்கரையில் ஒண்டியிருந்தன. சென்னப்பன் போனும் கையுமாகக் கரையில் நின்றான்.

நேற்று வரை பட்டைத்தலை வாத்துகள் பூங்காவை ஒட்டியே கூட்டங்கூட்டமாக மிதந்தன. மார்கழியில் வெளிநாட்டிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறவை. ஏரிக்கரைப் பூங்காவுக்குச் சென்னப்பன்தான் காவலாளி. பல வருடமாகத் தினக்கூலி. பெரிய அதிகாரி நேரில் பறவைகளைப் பார்த்தால் ஏரி சரணாலயமாகும், தன் வேலை நிரந்தரமாகும் என்று அவனாகவே முடிவுகட்டி, பெண்டாட்டியிடமும் சொல்லிவிட்டான்.

அதற்குள் ஊராட்சித் தலைவர் மாதவராஜுக்கு மரியாதை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதிகாரி வருகிறார் என்றால் நம் ஆட்களுக்குக் கைகால் சும்மா இருக்குமா? கரையோரக் கோரையை மொட்டையடித்தார்கள். நடைபாதையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். விடிந்ததும் பம்பை மேளம் வேறு.

"தலைவரே, பம்பையை நிறுத்தச் சொல்லுங்க! பறவையெல்லாம் மெரளுது!"

"போடா, வர்றவருக்கு மரியாத வேணாமா?"

அறிவாளி அல்லவா நம் சென்னப்பன்! பறவைகளை இந்தப் பக்கம் ஓட்டிவிடலாம் என்று எதிர்க்கரைக்கு ஓடி, துண்டைச் சுழற்றிக் கத்தினான். மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சித்தேரி மலைப் பக்கம் போயே போய்விட்டது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. கரையோரம் குடியிருக்கும் நஞ்சம்மாள் வீட்டு வாத்துகளைக் கேட்காமல் கூடையில் அள்ளி வந்து ஏரியில் விட்டான்.

அதிகாரி மாலையும் கழுத்துமாக நடந்து வந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"அது என்னய்யா?"

"சைபீரியாவுல இருந்து வந்ததுங்க ஐயா."

"கால்ல சிவப்பு நூல் கட்டியிருக்கு?"

"ஆராய்ச்சிக்காரங்க கட்டி வுட்டதுங்க!"

அதற்குள் நஞ்சம்மாளின் குரல் வந்துவிட்டது. "எந்தக் களவாணிடா எங்க வூட்டு வாத்தத் தூக்குனது?"

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், சைபீரியா முழுவதும் கரையேறி அவள் காலைச் சுற்றிக்கொண்டது. பம்பைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சென்னப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லு. இங்க வெளிநாட்டுப் பறவை இருக்கா, இல்லையா?"

"நேத்து வரைக்கும்..."

"இப்ப?"

"இல்லீங்க."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா!"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சென்னப்பனுக்கே போட்டு, முதுகில் தட்டிவிட்டு வண்டியேறிப் போனில் பேச ஆரம்பித்தார். சென்னப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டாலும், கடைசியில் உண்மையைச் சொன்னதை மனிதர் மதித்துவிட்டாரே!

டிரைவர் குருவின் பக்கம் ஓடிப்போய்க் குனிந்தான். "தம்பி, ஐயா சந்தோசமாப் போறாரே, என் வேலைய நிரந்தரம் பண்ணிருவாருங்களா?"

குரு அவனைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

"பறவை இருக்குற ஏரிக்கரையில தலைவரு ஓட்டல் கட்ட முடியாதுங்கண்ணா, பறவையே இல்லைன்னு காவக்காரரு வாயாலயே கேட்டுட்டுப் போகத்தான் நாங்க வந்தோம்."