ஞானத்தகப்பன் சம்மதித்தால் ஜிஷா சூனியக்காரி

இயேசு மரி சூசை துணை

இராஜாக்கமங்கலம் துறை

மதிப்பிற்குரிய மச்சான் லிஜோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை கிளாராவின் வீட்டுக்காரன் கிளீட்டஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், கிளாரா, ஜிஷா மூவருக்கும் குறையொன்றும் இல்லை. மஸ்கட்டில் உங்கள் உடம்பும் உங்கள் கம்பெனியும் நன்றாக இருக்கவேண்டும் என்று ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டோம். வாட்ஸ்அப் இருக்க இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன் என் பெயரில் இருக்கிறதே தவிர என் கையில் இருப்பதில்லை. உங்களுக்கு நான் அனுப்புவதை உங்களுக்கு முன்னால் ஜிஷா படித்துவிடுவாள். அதனால்தான் இன்று சாயங்காலம் விமானம் ஏறும் ஷிஜினிடம் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் ஞானமகள் ஜிஷா சினிமாவில் சூனியக்காரியாகப் போகிறாள்.

பதறாதீர்கள், குழந்தைகள் படம். கோயில் பாட்டுக் குழுவில் நன்றாகப் பாடும் பிள்ளைகளைத் தேடி சென்னையிலிருந்து ஜாஸ்பின் என்று ஒரு பெண் வந்தாள். அவள்தான் டைரக்டர். படம் முழுக்கப் பாட்டுத்தானாம். குதிரை வளர்க்கிற ஒரு சிறுமி, மந்திரம் படிக்கிற ஒரு சிறுமி, இரண்டும் உயிர்த்தோழிகள். குதிரை காணாமல் போகிறது, ஊரே மந்திரக்காரியைச் சந்தேகப்படுகிறது, தோழி மட்டும் அவளை நம்புகிறாள். நம் ஜிஷாவையும் அவளோடு படிக்கிற ரேஷ்மியையும் எடுத்துக்கொண்டார்கள். நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். லட்டெல்லாம் தீர்ந்த பிறகுதான் குதிரைக்காரி ரேஷ்மி, சூனியக்காரி நம் பிள்ளை என்று தெரியவந்தது.

கிளாரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போ, சாத்தானையும் அவனுக்க வேலையளையும் விட்டுடுதேன்னு அவளுக்காட்டு வாக்கு கொடுத்தது எங்க அண்ணனாக்கும். இப்ப அவ வாரியல்ல ஏறிப் பறந்தா அண்ணன் என்ன பதில் சொல்லும்?" என்றாள். நான் பங்குச்சாமியாரிடம் ஓடினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "கிளீட்டஸ், அது நடிப்பு, போய் வேலையப் பாரும்" என்றார். வந்து சொன்னால் கிளாரா ஒத்துக்கொள்ள வேண்டுமே! "சாமியாரு கேள்வி கேட்டவரு. பதில் சொன்னது அண்ணன். அண்ணன் சம்மதிச்சா அனுப்புதேன், இல்லேன்னா இல்ல" என்று முடித்துவிட்டாள். ஆகவே படப்பிடிப்பு தொடங்கும் திங்கட்கிழமைக்குள் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும்.

இதற்குள் வீடு படும் பாட்டைக் கேளுங்கள். முற்றம் பெருக்கும் வாரியல் இப்போது வாகனம் ஆகிவிட்டதால் முற்றம் பெருக்குவதே இல்லை. சூனியக்காரிச் சிரிப்பு என்று காலையில் ஒன்று சிரிக்கிறாள், அதைக் கேட்டு நம் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்ஸ்லின் சும்மா இராமல், "ஏட்டி, எங்க, எனக்கு ஒரு சாபம் போடு பாப்போம்" என்று கேட்டிருக்கிறான். இவளும் கையை நீட்டிப் போட்டுவிட்டாள். மறுநாள் நடுக்கடலில் அவன் வள்ளத்து எஞ்சின் நின்றுபோயிற்று. கரைக்கு வந்ததும் வராததுமாக, "மக்கா, அத ஒண்ணு திரும்ப எடுத்துரு" என்று ஐஸ்கிரீமோடு வாசலில் நிற்கிறான். எடுத்துவிட்டாள். அடுத்த நாள் அவனுக்கு வள்ளம் நிறையச் சாளை மீன். இப்போது விடிந்ததும் நாலைந்து பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள், சாபம் போட்டு எடுத்துத் தரவேண்டுமாம். கிளாரா ஜெபமாலையைக் கீழே வைப்பதில்லை.

சனிக்கிழமை ஒத்திகை என்று ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப்போனேன். ஜாஸ்பினைத் தனியாகப் பிடித்து, "சூனியக்காரிக்குப் பதிலா ஒரு டீச்சராட்டு வச்சா போதாதாம்மா?" என்று கேட்டேன். "டீச்சர்னா குழந்தைங்க பயப்படும் அங்கிள்" என்றாள். குதிரை திருவனந்தபுரத்திலிருந்து லாரியில் வந்தது. அங்கே காற்றாலைக் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்து மிரண்டு, ரேஷ்மியை அண்டவிடவில்லை. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு ஓரமாய் நின்றது. ஜிஷா போய் அவள் கையைப் பிடித்து, குதிரையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "பயப்படாண்டாம் கேட்டியா, நான் இருக்கேன்லா" என்றாள். குதிரைக்குச் சொன்னாளா ரேஷ்மிக்குச் சொன்னாளா தெரியவில்லை. பிறகு பாட ஆரம்பித்தாள். அந்தக் காற்றிலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது, மச்சான். குதிரை தலையைத் தாழ்த்தி ரேஷ்மியின் தோளில் வைத்துக்கொண்டது. நான் எல்லார் முன்னாலும் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாத்தான் என்பதெல்லாம் கிளாராவின் கவலை. என் கவலை வேறு. இந்தக் குரலை நாலு பேர் கேட்டால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போய்விடுவாள். பத்து வயதுதான் ஆகிறது, இன்னும் கொஞ்ச நாள் இந்த வீட்டிலேயே சிரித்துக்கொண்டு கிடக்கட்டும். நான் வேண்டாம் என்றால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அதை என்னால் தாங்க முடியாது. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களால் முடியும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்களை வெயிலிலிருந்தும் மேனேஜரிடமிருந்தும் காப்பாளாக.

என்றும் உங்கள்
கிளீட்டஸ்

பின்குறிப்பு: ஷிஜின் பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் ஜாஸ்பின் வீட்டுக்கே வந்துவிட்டாள். சூனியக்காரிக்கு ஓர் அப்பா வேண்டுமாம், அவரும் மந்திரவாதியாம். மகள் பாடுவதைக் கேட்டு அழவேண்டும், அவ்வளவுதான். "அன்னைக்கு அழுதீங்களே அங்கிள், அப்படியே அழுங்க, போதும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஜிஷா எந்த ஊருக்குப் பாடப் போனாலும் பின்னாலேயே போய் அழுவதற்கு எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே கிளாராவுக்குப் போன் போட்டு, சம்மதம் என்று சொல்லவும். என் ஞானத்தகப்பன் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்.