ஆறு இலக்கமும் ஒரு சட்டி கொத்சும்

தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. அரைகுறையாகத் தெரிந்தது என்றால் இன்னும் மோசம், ஆளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வேன். அந்த வியாதி ஒரு திங்கட்கிழமை மதியம் கடலூரில் என் மானத்தை வாங்கியது.

என் மாமனார் ரசாயன ஆலைகளுக்குக் கையுறை, ஹெல்மெட் சப்ளை செய்கிறவர். அவர் ஆபீஸில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். (மௌஸைத் துடைப்பது உட்பட.) அதற்கு முந்தைய ஞாயிறு, ஆன்லைன் மோசடி பற்றி வரிசையாக நாலு வீடியோ பார்த்துவிட்டு, முறுக்கு கடித்துக்கொண்டிருந்த மாமியாரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓ.டி.பி.ய யாரு கேட்டாலும் சொல்லாதீங்க அத்த. நம்பரு நம்ம நம்பரு மாதிரியே காட்டும். கொரலும் நம்ம கொரல் மாதிரியே பேசும். நானே கேட்டாலும் சொல்லக் கூடாது."

"நெசமாவே நீயே கேட்டின்னா?"

"நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணக் கேளுங்க. சரியா சொன்னா நான்தான்."

சூடு ஆறுவதற்குள் மாமனாரின் மெயில் கணக்கில் இரட்டைப் பாதுகாப்பையும் போட்டுவிட்டேன். அவர் தன் போனையே தினம் மூன்று முறை தேடுகிறவர். மாமியாரின் போன் இடுப்பை விட்டு இறங்காது. ஆகவே மாமியார் நம்பரைக் கொடுத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை மாமியார் தங்கச்சி வீட்டுக்குச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார். மதியம் மூன்றரைக்கு மாமனார் கத்தினார்: "ஏம்மா, பொட்டி தொறக்க மாட்டேங்குது!"

பொட்டி என்றால் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் புரோகிராம். பாஸ்வேர்ட் தவறு என்றது. அடித்தேன், தவறு. ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன், தவறு. அதே பாஸ்வேர்டை இணையத்தில் மெயில் பக்கத்தைத் திறந்து போட்டேன். அது சமர்த்தாக ஏற்றுக்கொண்டு, மாமியார் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறேன், சொல் என்றது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரட்டைப் பாதுகாப்பு போட்டுவிட்டால் பழைய புரோகிராம் வழக்கமான பாஸ்வேர்டை ஏற்காது. இணையத்தில் உள்ளே போய், அதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்ட் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். உள்ளே போகச் சாவி சிதம்பரத்தில், ஒரு சுருக்குப்பைக்குள்.

நான்கு மணிக்குள் பெரிய ஆலை ஒன்றுக்கு, அந்தப் பொட்டிக்குள் தயாராக இருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் காகிதங்கள் போயாக வேண்டும். பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பதினைந்து வருஷ வாடிக்கை. அது போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மாமனாரும் டைப்பிஸ்ட் செல்வி அக்காவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்த, ஒங்க போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

"யாருடி நீ?"

"நான்தான் அத்த, ஒங்க மருமவ!"

"என் மருமவ ஒன்ன மாதிரி ஆளுங்களப் பத்தி நேத்தே சொல்லிட்டா. வேற ஆளப் பாரு."

மாமனார் பாய்ந்தார். "ஏய், நான்தான்டி! சொல்லித் தொல!"

"அடேங்கப்பா, அவுரு மாதிரியே பேசுறானே! கோவங்கூட அச்சு அசலா இருக்கு. சரி, நீ என் மருமவதான்னா சொல்லு. கல்யாணமான புதுசுல மொத மொதல்ல நீ வச்ச கத்திரிக்கா கொத்சு, எங்க வாங்குனது?"

அந்தக் கொத்சுக்குத்தான் மாமனார் ஆறு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டு, "எம்மருமவ கொத்சு" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். குப்பைக்கூடையில் பார்சல் கவரைப் பார்த்த ஒரே ஆள் மாமியார். அதை யாரிடமும் சொல்லவில்லை. "கவரத் தெரு முனையில போடுறதில்லயா?" என்றதோடு சரி.

மாமனார் என்னைப் பார்த்தார். செல்வி அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார்.

"செதம்பரத்துல... கீழவீதி மெஸ்ல" என்று முனகினேன்.

"கேக்கல."

"கீழவீதி மெஸ்ல வாங்குனது அத்த!"

மாமியார் ஆறு இலக்கமும் சொன்னார். போட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்றது அந்தப் பாழாய்ப்போன பக்கம். மணி மூன்று ஐம்பது. புது எண் கேட்டேன்.

"புதுசா வந்திருக்கும், சொல்லுங்க அத்த!"

"புது நம்பருக்குப் புதுக் கேள்வி. ஸ்பீக்கர்லதான இருக்கு? நல்லது. அன்னிலேர்ந்து இந்த ஆறு வருசமா அந்த வீட்டுல கொத்சு வைக்கிறது யாரு?"

இந்தத் தடவை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஆபீஸ் அதிரக் கத்தினேன்: "நீங்கதான் அத்த! ஆறு வருசமா நீங்கதான் வச்சி என் பேரச் சொல்லிப் பரிமாறுறீங்க! எனக்குக் கத்திரிக்கா சுடக்கூடத் தெரியாது!"

"எழுதிக்க" என்றார் மாமியார்.

உள்ளே போனேன். புரோகிராமுக்கான தனிப் பாஸ்வேர்டை வாங்கி ஒட்டினேன். பொட்டி வாயைத் திறந்தது. மூன்று ஐம்பத்தேழுக்குக் காகிதங்கள் பறந்தன. கிடைத்தது என்று பதிலும் வந்தபோது நானும் செல்வி அக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். மாமனார் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருசமா?" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

ஒப்பந்தம் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் வந்தது. கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் மாமியார் நம்பர்தான். எதற்கு ஓ.டி.பி. வந்தாலும், மாமனார் கேட்டால் மாமியார் முதலில் கேட்பது: "கொத்சு யாரு வச்சது?"

"நீதான் தாயே, நீதான்."

"சத்தமா."

பொறுக்க முடியாமல் போன மாதம் நான் கேட்டேன்: "மாமா பாவம் அத்த. என் நம்பருக்கு மாத்திடவா?"

மாமியார் போனை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"மாத்துன, கைய ஒடச்சிருவேன். இப்பதான்டி எனக்குப் பேரு வந்திருக்கு."