ஓங்கிய கத்தி

மேஜை ஆடியது. மேஜை ஆடியதால் தேநீர்க் கோப்பை ஆடியது. கோப்பை ஆடியதால் கிளமென்ட் த்வெய்ட்டின் கால்சட்டையில் சுடச்சுடத் தேநீர் கொட்டியது. லண்டனில் நடக்கும் நாடகம் நேரலையாகத் திரையில் வருவதற்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"ஐயையோ!" என்று அவர் துள்ளிய நேரத்தில் ப்ரொஜெக்டர் அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு மிஸஸ் ஹார்பாட்டில் வந்தார்.

ஸ்டாவர்பி என்ற அந்தக் கடலோர ஊரில் இருந்தது ஒரே ஒரு திரையரங்கு. அதை ஊர்க்காரர்களே குழு அமைத்து, சம்பளம் வாங்காமல் நடத்தி வந்தார்கள். மிஸஸ் ஹார்பாட்டில் குழுவின் செயலாளர். அவரைக் கேட்காமல் அந்த அரங்கில் ஒரு விளக்கும் எரியாது.

"ஒரு மேஜைய ஆடாம நிறுத்தத் தெரியல. நீங்க படத்த எப்படி மிஸ்டர் த்வெய்ட் ஆடாம காட்டப் போறீங்க?"

கேட்டபடியே கைப்பையைத் துழாவினார். பிரிக்காத கடிதங்கள், பேருந்து அட்டவணை, நாய் பிஸ்கட் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கையில் அகப்பட்ட ஒரு காகிதத்தை எட்டாக மடித்தார். குனிந்து மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை நின்றது.

"பாத்தீங்களா? வேலைன்னா இப்படி இருக்கணும்."

மேஜைதான் நின்றது, அவர் வாய் நிற்கவில்லை.

"போன தடவ நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குங்க."

எப்படி மறக்கும்? போன வசந்தத்தில் இதே போல ஒரு பாலே நடனம் வந்தது. பாதியில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். 'அடேயப்பா, என்ன ஒரு பயிற்சி!' என்று கிளமென்ட் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்துத்தான் படம் உறைந்துபோனது தெரிந்தது. கீழே இருந்த நூற்றைம்பது பேருக்கும் சந்தேகம் வந்திருந்தது. ஆனால் ஸ்டாவர்பிக்காரர்கள் குறை சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். பக்கத்து வீட்டுக்காரன் காலை மிதித்தால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். அன்றைக்கும் கடைசிப் பேருந்துக்கு நேரமானதும், நடனமாடும் பெண்ணைத் தொந்தரவு செய்யாமல், குனிந்து குனிந்து வெளியேறினார்கள்.

"படம் நின்னா நீங்களும் சேர்ந்து நிக்கக் கூடாது. உடனே ஏதாவது செய்யணும்! இன்னொரு தடவ கோட்டை விட்டீங்கன்னா, ப்ரொஜெக்டர் என் மருமகனுக்கு. ஐஸ்கிரீம் தட்டு உங்களுக்கு."

ஐஸ்கிரீம் தட்டு என்பது இடைவேளையில் கழுத்தில் மாட்டிக்கொண்டு விற்பது. கூடவே ஒரு ரோஜா நிற ஏப்ரன், அதில் சுருக்கு வைத்த லேஸ். இப்போது அரங்கில் எடுபிடி வேலை பார்க்கும் வின்னிதான் அதை மாட்டிக்கொள்கிறாள். கிளமென்ட்டுக்கு ஏப்ரன்கூடப் பெரிதில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, 'கிளமென்ட் எங்கே?' என்று யாராவது தேடுகிற இடம் இந்தச் சின்ன அறை ஒன்றுதான். இதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் எங்கே போய் உட்காருவார்?

சரியாக இரண்டு மணிக்கு நாடகம் தொடங்கியது. நானூறு வருடத்துப் பழைய சோக நாடகம். ஒரு பிரபு, அவனுக்கு ஒரு தம்பி, இருவருக்கும் நடுவில் ஒரு சந்தேகம். வசனம் பாதி புரியவில்லை. ஆனாலும் கிளமென்ட் இமை கொட்டாமல் பார்த்தார். கதைக்காக அல்ல, படம் நகர்கிறதா என்று பார்க்க.

இடைவேளை நல்லபடியாக முடிந்தது. வின்னி ஒரு கப் ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்படிய்யா போகுது?"

"நகருது வின்னி, நகருது."

நாலாம் அங்கம். தூங்குகிற தம்பியின் தலைமாட்டில் பிரபு வந்து நின்றான். வாசலில் பிரபுவின் மனைவி. பிரபு கத்தியை ஓங்கினான்.

ஓங்கியவன் இறக்கவில்லை.

மனைவியும் வாயைத் திறந்தபடி நின்றாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கிளமென்ட்டின் கையிலிருந்து ஐஸ்கிரீம் கரண்டி விழுந்தது.

'அவசரப்படாதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருபது எண்ணினார். கத்தி அப்படியே இருந்தது. பிரபுவின் கை மட்டும் கொஞ்சம் நடுங்குவது போலத் தெரிந்தது. சிக்னல் போனால் படம் நடுங்கும்தானே? நாடகத்தின் ஒலியைக் கேட்க அறையில் வைத்திருந்த சின்ன ஒலிபெருக்கியில் யாரோ இருமினார்கள். யாரென்று சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். ஹாலில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் மிஸஸ் ஹார்பாட்டிலின் தொப்பி மெதுவாக அறைப் பக்கம் திரும்பியது.

அந்தத் தொப்பி திரும்பியதும் கிளமென்ட்டுக்கு ஐஸ்கிரீம் தட்டு ஞாபகம் வந்தது. சிக்னல் வாங்கும் டிஷ் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார்.

திரை நீலமாகிவிட்டது. 'சிக்னல் தேடப்படுகிறது' என்று ஒரு வரி மட்டும் ஓடியது. தேடட்டும் என்று விட அவருக்குப் பொறுமை இல்லை. ரிமோட்டை எடுத்து அகப்பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினார்.

படம் வந்தது. ஆனால் பிரபுவும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு தொழுவத்தில், முழங்கை வரை உறை மாட்டிய ஒருவர் வைக்கோலில் மண்டியிட்டு, ஓர் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். விவசாய நிகழ்ச்சி.

"தள்ளு கண்ணு, தள்ளு! இன்னும் கொஞ்சம்தான்!" என்று அவர் குரல் ஹால் முழுவதும் அதிர்ந்தது.

கிளமென்ட் கண்களை மூடிக்கொண்டார். கூச்சல் கிளம்பும் என்று காத்திருந்தார். கிளம்பவில்லை. கண்ணைத் திறந்து சன்னலில் காது வைத்தால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆக்டன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது.

"சாவுக்கு எதிரே பிறப்ப வைக்கிறாங்க. இந்தக் காலத்து நாடகம் அப்படித்தான்."

குட்டி வெளியே வந்து 'மே' என்றதும் முன்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

இதற்கு மேல் தாங்காது என்று கிளமென்ட் பெட்டியின் வயரையே பிடுங்கி மறுபடி சொருகினார். மறுபடி நீலம். கடிகாரத்தில் அரை மணிக்கு மேல் ஓடியது, சிக்னல் வரவில்லை. வேறு வழி தெரியாமல் படியிறங்கி ஓடி, திரைக்கு முன்னால் போய் நின்றார். கால்சட்டையில் தேநீர்க் கறை பளிச்சென்று தெரிந்தது.

"மன்னிக்கணும். சாட்டிலைட்ல கோளாறு. எல்லாரும் அமைதியா..."

எல்லாரும் அமைதியாகத்தான் இருந்தார்கள். ஆக்டன் மட்டும் கையைத் தூக்கினார்.

"தம்பி பொழச்சானா இல்லையான்னு சொன்னா போதும். நாங்க வீட்டுக்குப் போயிடுவோம்."

"சோக நாடகம் சார். அநேகமா எல்லாரும் செத்துடுவாங்க."

"ஐயோ, முடிவைச் சொல்லிட்டீங்களே!" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் முதல்முறையாக, மிகவும் வருத்தத்தோடு, குறை சொன்னார்.

அந்த நொடியில் கிளமென்ட்டின் முதுகுக்குப் பின்னால் படம் வந்துவிட்டது. நாடகம் முடிந்து நடிகர்கள் வரிசையாக நின்று தலை வணங்கிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் கைதட்டல் இடித்தது. ஸ்டாவர்பியில் எப்போதுமே இது தர்மசங்கடமான கட்டம். நடிகர்களோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறார்கள், திரையைப் பார்த்துக் கைதட்டுவதா வேண்டாமா? இன்றைக்கு அந்தத் தவிப்பு இல்லை. எதிரே உயிருள்ள ஆள் ஒருவர் நின்றார். நூற்றைம்பது பேரும் நிம்மதியாக எழுந்து கைதட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கிளமென்ட்டும் தலை வணங்கினார்.

வணங்கிவிட்டு மேலே ஓடி, தன் தொப்பி, குடை, தேநீர்க் குடுவை மூன்றையும் பையில் போடத் தொடங்கினார். படியில் மிஸஸ் ஹார்பாட்டிலின் குதிகால் சத்தம் ஏறி வந்தது. பின்னாலேயே வின்னி, தரை துடைக்கும் துணியோடு.

"எங்க கிளம்பிட்டீங்க மிஸ்டர் த்வெய்ட்?"

"ஐஸ்கிரீம் தட்டு... ஏப்ரன் என் அளவுக்கு இருக்குமான்னு..."

"உட்காருங்க." அவர் கிளமென்ட்டின் தோளில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "போன தடவ மரம் மாதிரி நின்னீங்க. இந்தத் தடவ படம் நின்ன அடுத்த நிமிஷமே செயல்ல இறங்கிட்டீங்க. கீழ வந்து மனுஷங்ககிட்ட பேசவும் செஞ்சீங்க. சாட்டிலைட் சதி பண்ணினா நீங்க என்ன செய்வீங்க? இந்த அறை உங்களுக்குத்தான்."

கிளமென்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"லண்டன்காரங்களத்தான் விடப் போறதில்ல. இப்பவே காரசாரமா ஒரு மெயில் தட்டி விட்டுட்டேன். 'ஒரு படத்த ஒழுங்கா அனுப்பத் தெரியாதா, உங்க வேலைய நீங்க பாக்க மாட்டீங்களா'ன்னு. செயலாளர்னு பேரும் போட்டு, குழுவுல எல்லாருக்கும் ஒரு நகல்."

சிந்திய தேநீரைத் துடைக்க வின்னி மேஜையைத் தூக்கி நகர்த்தினாள். காலடியிலிருந்து மடித்த காகிதம் உதிர்ந்தது.

"மேடம், இது அந்த லண்டன் நாடகக்காரங்க உங்களுக்கு அனுப்பின கடுதாசி மாதிரி இருக்கே? 'செயலாளரின் நேரடிக் கவனத்துக்கு, மிக அவசரம்'னு செவப்பு எழுத்துல போட்டிருக்கு."

"அந்த நாடகக்காரங்க தினமும் ஒரு விளம்பரம் அனுப்புவாங்க. என் கண்ணாடி கீழ இருக்கு. என்னதான் விக்கிறாங்கன்னு படி, கேப்போம்."

வின்னி காகிதத்தைப் பிரித்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தாள்.

"'நாலாம் அங்கத்தில் பிரபு கத்தியை ஓங்கியதும் நடிகர்கள் அனைவரும் எட்டு நிமிடம் அசையாமல், பேசாமல் நிற்பார்கள். இதுவே இந்த நாடகத்தின் உயிர். கோளாறு என்று நினைத்து எந்தப் பொத்தானையும் தொட்டுவிட வேண்டாம் என்று உங்கள் ப்ரொஜெக்டர்காரரிடம் தவறாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.'"